பீலிச் சேம்பு

என் அண்ணனின் கிழங்குத் தோட்டத்துக்குள் நோயைக் கொண்டுபோய் விட்டவள் நான். அந்தப் பழியைச் சுமக்கிறவள் என் மதினி, அண்ணனின் மனைவி. நோய் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்ததோடு நில்லாமல் சோதித்துப் பார்த்து, நிரூபித்து, நோட்டில் நாள் குறித்து எழுதியும் வைத்திருக்கிறேன். ஆனாலும் இன்றுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை!

நீங்கள் இத்துடன் படிப்பதை நிறுத்திவிட்டாலும் முக்கியமானதைத் தெரிந்துகொண்டவர்தான். மேலே படிப்பதாக இருந்தால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்... நடுநடுவே நான் குதூகலமாகப் பேசுவேன். குற்றத்தை ஒப்புக்கொள்கிறவளுக்கு அது அழகல்ல என்று தெரியும். ஆனால் அந்தக் குதூகலத்தை மறைத்தால் பாதி உண்மையை மறைத்தவள் ஆவேன்.

நான் திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியை. பெயர் தனலட்சுமி, ஊருக்குத் தனம் டீச்சர். கல்லூரியில் தாவரவியல் படிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். வாத்தியார் பயிற்சி போதும் என்று அப்பா முடித்துவிட்டார். அந்தக் கோபத்தில் கல்யாணம் வேண்டாம் என்று நான் முடித்துவிட்டேன்.

என் வாடகை வீட்டின் முன் தாழ்வாரத்தில் அறுபது தொட்டிகள். எல்லாமே இலைக்காக வளர்க்கும் செடிகள். குரோட்டன்ஸ், பெரணி, மணிபிளாண்ட், கலர்ச் சேம்பு. தலைக்கு வைக்க ஒரு பூ கிடைக்காதா என்று வாசல்வரை வந்து, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. எனக்குப் பூவின் மேல் பெரிய மரியாதை கிடையாது. ஒரு நாள் கூத்து அது! இலை அப்படியா? மாதக்கணக்கில் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

அந்த இலைகளுக்கு வியாதி வந்தால் ஊரில் கூப்பிடுவது என்னைத்தான். ஆமாம், நான் செடி வைத்தியக்காரி! ஞாயிற்றுக்கிழமை என்றால் பேகம்பூரிலிருந்து குதிரை வண்டி வந்து நிற்கும். தோல் வியாபாரம் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த மைமூன் அம்மாள் அனுப்பியிருப்பார்.

"டீச்சரம்மா, இந்தக் குரோட்டன்ஸ் ஓரமெல்லாம் கருகுதே... நானும் துஆ ஓதித்தான் தண்ணி ஊத்துறேன்" என்பார்.

"துஆவுல கோளாறு இல்லம்மா. உங்க கிணத்துத் தண்ணியிலதான் உப்பு. மழைத் தண்ணியப் பிடிச்சு ஊத்துங்க" என்பேன். இரண்டு மாதத்தில் புதுத் தளிர் கருகாமல் வரும். மைமூன் அம்மாள் ஊரெல்லாம் சொல்லுவார். எனக்குக் கால் தரையில் பாவாது!

எப்படிக் கண்டுபிடிக்கிறேன் என்று கேட்கிறீர்களா? எல்லோரும் இலையின் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் முதுகைத் திருப்பிப் பார்க்கிறேன். அவ்வளவுதான் வித்தை. பழுப்புப் புள்ளியைச் சுற்றி மஞ்சள் வளையம் இருந்தால், தலைமேல் தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பூஞ்சையை வரவழைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த இலையை வெட்டி எரித்துவிட்டு, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளிக்க வேண்டும். தண்டின் அடி கொழகொழவென்று நாறினால், தொட்டியின் அடி ஓட்டை அடைபட்டிருக்கும். இலை பிசுபிசுத்தால் முதுகில் அசுவினிப் பூச்சி குடியிருக்கும். வேடசந்தூர்ப் பக்கத்துப் புகையிலைக் காம்பை ஊறவைத்த தண்ணீரில் கொஞ்சம் பார் சோப்பைக் கரைத்து அடித்தால், அந்தக் குடித்தனம் காலி.

இவ்வளவும் தெரிந்தவள்தான் நான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்லவே முடியாது... அதற்காகத்தான் இதையெல்லாம் உங்களுக்கு விவரித்தேன்.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு ஆடி மாதம். காலையில் பல் துலக்கிக்கொண்டே தாழ்வாரத்துக்கு வந்தேன். கலர்ச் சேம்பில் ஒரு புது இலை விரிந்திருந்தது. கலர்ச் சேம்பு என்பது நாம் வறுத்துத் தின்னும் சேப்பங்கிழங்குக்குப் பங்காளி. அதுவும் கிழங்கிலிருந்துதான் முளைக்கும். இலை அதே யானைக்காது வடிவம். நரம்பு மட்டும் சிவப்பு. அன்று விரிந்த இலையிலோ... சிவப்பு நரம்பின் இரு பக்கமும் வெளிர் மஞ்சளில் மெல்லிய கோடுகள் கிளம்பி, சீவிவிட்டாற்போல் விளிம்புவரை ஓடியிருந்தன. இறகு! இலைக்குள் ஒரு இறகு!

வாயில் இருந்த பற்பொடியை விழுங்கிவிட்டேன். புடவைத் தலைப்பால் இலையைத் துடைத்தேன். போகவில்லை. முதுகைத் திருப்பினேன், அங்கும் அதே இறகு. அன்று பள்ளிக்கூடத்தில் என்ன பாடம் நடத்தினேன் என்று என்னைக் கேட்காதீர்கள்!

புது ரகம்! உலகத்தில் யார் வீட்டிலும் இல்லாத ஒன்று, என் வீட்டுத் தொட்டியில், தானாக வந்திருக்கிறது! நானே அதற்குப் பெயரிட்டேன்: பீலிச் சேம்பு. மயிலிறகைப் பீலி என்பார்கள் அல்லவா? அந்தப் பெயரை நோட்டில் பத்துத் தடவை எழுதிப் பார்த்தேன். கீழே சின்ன எழுத்தில் என் பெயரையும் எழுதினேன். கல்லூரிப் படியே மிதிக்காத என் பெயரை!

அந்த ஐப்பசியில் ஊர்க் கிளப் ஒன்றில் மலர்க் கண்காட்சி வைத்தார்கள். மைமூன் அம்மாள்தான் என்னை விரட்டி விரட்டிப் பெயர் கொடுக்க வைத்தார். நடுவராக வந்தவர் மதுரையில் ஓய்வுபெற்ற ஒரு தாவரவியல் பேராசிரியர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றிப் பார்த்தார். "அபூர்வம்மா... ரொம்ப அபூர்வம். ரகங்களைப் பத்தி ஒரு பட்டியல் தயார் பண்ணிக்கிட்டிருக்கேன். உங்க பேரோட இதையும் சேர்த்துடறேன்" என்றார். முதல் பரிசு, வெள்ளிக் கோப்பை. பத்திரிகையில் நான்கு வரி. அந்த நான்கு வரியை எத்தனை தடவை படித்திருப்பேன்...

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கண்காட்சி அன்று காலையில் அந்தச் செடியில் ஒரு இலை சுருண்டு, சின்னதாக, கோணலாக இருந்தது. அதற்கு முந்திய இலை இறகே இல்லாமல் வந்திருந்தது. ரகம் என்றால் ஒழுங்காக வரும். வந்து வந்து போவது வியாதிதான். இது என் மனதில் பளிச்சென்று பட்டது. பட்ட மறு நிமிடமே அந்தக் கோணல் இலையை நகத்தால் கிள்ளி, மடித்து, குப்பையில் போட்டுவிட்டு வண்டியில் ஏறினேன். அப்போதே தெரிந்துவிட்டதா என்று நீங்கள் கேட்டால், பாதி தெரிந்தது. கிள்ளிய விரலுக்கு முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும்.

கண்காட்சிக்கு மதினியும் வந்திருந்தாள். நத்தம் போகும் சாலையில் எங்கள் ஊர். எட்டு வயது மகள் வள்ளியைக் கையில் பிடித்துக்கொண்டு, பஸ் பிடித்து வந்திருந்தாள். மதினியின் பெயர் பேச்சியம்மாள். என் வயதுதான். கிணற்றடித் தோட்டத்தில் அண்ணன் சேப்பங்கிழங்கு போடுவார் என்று ஊர் சொல்லும். உண்மையில் விதைக்கிழங்கைப் பொறுக்குவதிலிருந்து மடை திருப்பி மண் அணைப்பதுவரை எல்லாம் மதினிதான். அவள் பாத்திக்குள் நடந்தால் ஒரு இலையும் கிழியாது. அப்படி ஒரு நடை. வெயிலில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து, "இன்னைக்குத் தோட்டம் சிரிச்சுக்கிட்டு நின்னுச்சு" என்பாள். அவளுக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பீலியைப் பார்த்ததும் அவள் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"ஏத்தா டீச்சரு! இம்புட்டு அழகா! எங்க சேம்புக்கு இப்பிடி ஒரு சொந்தக்காரியா? எனக்கு ஒரு கிழங்கு தாயேன். கிணத்தடியில, என் கண்ணு முன்னால வச்சுக்கிறேன்."

கொடுத்தேன். தாய்க்கிழங்கின் பக்கத்தில் முளைத்திருந்த குட்டியை இலையோடு பிடுங்கி, ஈரத்துணியில் சுற்றி, என் கையாலேயே கொடுத்தேன். புது இடத்துக்குப் போகும் செடியை ஒரு மாதம் தனியாக வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் உபதேசிக்கிறவள் நான். அன்று அந்த உபதேசம் எங்கே போயிற்று? பெருமை! நான் பெயர் சூட்டிய செடி என் ஊரிலும் இருக்கட்டும் என்ற பெருமை! மதினி அதை வாய்க்கால் ஓரம், கிழங்குப் பாத்தியை ஒட்டி நட்டாள்.

அடுத்த வருடம் ஆடி மாதம் ஊருக்குப் போனேன். கிணற்றடிக்குப் போனதும் என் கால் நின்றுவிட்டது.

தோட்டம் முழுக்க இறகு!

பாத்திக்குப் பாத்தி, இலைக்கு இலை, பச்சைச் சேம்பில் வெளிர் மஞ்சள் இறகு. செடிகள் முழங்கால் உயரம்கூட வளராமல் சுணங்கி நின்றன. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். அடியில் கொட்டைப்பாக்கு அளவுக்கு இரண்டு கிழங்கு.

உண்மையைச் சொல்லுகிறேன்... முதலில் வந்தது பயமல்ல. 'ஆகா, தொற்றுகிறதே!' என்ற பரபரப்புதான் முதலில் வந்தது. மனிதப் பிறவிதானா நான்?

வீட்டுக்குப் போனால் அங்கே வேறு கூத்து நடந்துகொண்டிருந்தது. ஆத்தா நடுவீட்டில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பெற்றவளைத்தான் சொல்லுகிறேன். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதினி கதவோரம் தலை குனிந்து நின்றாள்.

விஷயம் இதுதான். எங்கள் பக்கத்தில், வீட்டுக்குத் தூரமான பெண்கள் அந்த மூன்று நாள் பயிருக்குள் கால் வைக்கக் கூடாது. வைத்தால் இலை வாடும், காய் வெம்பும் என்பார்கள். வைகாசியில் கிழங்கு நட்ட வாரம், அண்ணன் ஒரு கல்யாணத்துக்கு வேடசந்தூர் போயிருந்திருக்கிறார். கிணற்றில் அன்று அண்ணனுடைய தண்ணீர் முறை. விட்டால் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். நட்ட கிழங்கு காய்ந்துவிடும். மதினிக்கு அது இரண்டாம் நாள். யாரிடமும் சொல்லாமல் போய் மடையைத் திருப்பிவிட்டு வந்திருக்கிறாள்.

யாரும் பார்க்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. இலையில் கோடு விழுந்ததும் அவளே மாமியார் காலில் விழுந்து சொல்லிவிட்டாள்.

கவனித்தீர்களா? குற்றமே செய்யாதவள், கேட்காமலேயே ஒப்புக்கொண்டாள்!

"அவளே சொல்லிட்டாளே! தீட்டுக் காலோட பூமியில எறங்கினா என்னாகும்? இனிமே இவ தோட்டத்துப் பக்கமே போகக் கூடாது. அந்த நாளு, இந்த நாளுன்னு கெடையாது... எந்த நாளும் கூடாது" என்றாள் ஆத்தா.

ஒரு இலையை மட்டும் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். உறுதியாகத் தெரியாமல் எப்படிப் பேசுவது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்து நான் செய்ததுதான் என் வாழ்க்கையிலேயே நான் செய்த ஒரே ஆராய்ச்சி. நத்தம் சந்தையில் வாங்கிய நல்ல கிழங்கை ஆறு தொட்டிகளில் வளர்த்தேன். என் பீலியின் இலையை அம்மியில் அரைத்துச் சாறு எடுத்தேன். மெல்லிய ஆற்றுமணலைத் துணியில் சலித்து, மூன்று செடிகளின் இலைமேல் தூவி, பஞ்சால் சாற்றைத் தொட்டு மெல்லத் தேய்த்தேன். மணல் கீறிய வழியாகச் சாறு உள்ளே போக வேண்டும். மற்ற மூன்றிலும் அதே மணல், வெறும் தண்ணீர். ஆறுக்கும் மேலே பழைய கொசுவலையைக் கட்டினேன், சாற்றை உறிஞ்சிச் செடிக்குச் செடி கொண்டுபோகும் அசுவினி நுழையாதபடி. பிறகு காத்திருந்தேன்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மார்பு படபடக்கிறது! பள்ளி மணி அடித்ததும் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வருவேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் வலைக்குள் தலையை நுழைப்பேன். பத்தாம் நாள் ஒன்றுமில்லை. பதினைந்தாம் நாள் ஒன்றுமில்லை. பதினெட்டாம் நாள்... சாறு தேய்த்த செடிகளில் விரிந்த புதுத் தளிரில் இறகு! மூன்றிலும்! தண்ணீர் தேய்த்த மூன்றும் பச்சைப்பசேல்!

தனியாக நின்று குதித்தேன். சத்தியமாகக் குதித்தேன்! எனக்கு எந்தக் கல்லூரியும் சொல்லித்தரவில்லை. எந்தப் புத்தகமும் என்னிடம் இல்லை. ஒரு கேள்வி கேட்டேன், செடி பதில் சொல்லிவிட்டது! அழகு என்று நான் கொண்டாடியது வியாதி. அது சாற்றில் இருக்கிறது. கலர்ச் சேம்பிலிருந்து கிழங்குச் சேம்புக்குத் தாவுகிறது. விதைக்கிழங்குக்குள் ஒளிந்திருந்து அடுத்த வருடம் முளைக்கிறது. தீட்டு இல்லை, கண்ணேறு இல்லை, ஒரு மண்ணும் இல்லை!

குதித்து முடித்து உட்கார்ந்த பிறகுதான் மதினியின் ஞாபகம் வந்தது. என்னைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள இது ஒன்றே போதும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு நோய்த் தொட்டியையும் ஒரு நல்ல தொட்டியையும் துணியால் மூடிக் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு. வாசலில் மைமூன் அம்மாளின் வண்டி. அவரே இறங்கி வந்தார்.

"டீச்சரம்மா, சேதி தெரியுமா? இந்த வருஷமும் அந்தப் புரொபசர்தான் வாராராம். உங்க பீலிக்குன்னு தனி மேஜையாம், உங்க பேர் எழுதின பலகையோட! எனக்கே பெருநாள் மாதிரி இருக்கு!"

பஸ்ஸில் ஏறினேன். தொட்டிகள் மடியில் இருந்தன. நத்தம் சாலையின் புளியமரங்களை எண்ணிக்கொண்டே போனேன். பீலி வியாதி என்று சொன்னால் பலகை போகும், பட்டியல் போகும். வியாதியைப் புது ரகம் என்று நம்பிய செடி வைத்தியக்காரி என்று ஊர் சிரிக்கும். சிரிக்கட்டுமே... சிரித்தால் என்ன? இன்று கேட்கிறேன். அன்று கேட்கவில்லை.

அண்ணன் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷன் அவர். மனைவியைப் பழிக்க அவருக்கே மனசில்லை.

"ஏத்தா தனம், நீ நாலு எழுத்துப் படிச்சவ. நீ சொன்னா ஆத்தா கேக்கும். தீட்டுப் பட்டா இப்பிடி ஆகுமா? இல்ல, வேற எதுவும் சீக்கா?"

கதவுக்குப் பின்னால் மதினியின் வளையல் சத்தம் கேட்டது. நான் சொல்லப்போவதைக் கேட்க வந்து நின்றிருக்கிறாள்.

பதில் என் கையிலேயே இருந்தது. துணியை அவிழ்த்தால் போதும்!

"சொல்றதுக்கில்லண்ணே... மண்ணுல என்னென்னவோ நடக்குது. பெரியவங்க சும்மாவா சொல்லியிருப்பாங்க?" என்றேன்.

வளையல் சத்தம் உள்ளே போய்விட்டது.

துணி கட்டிய தொட்டிகளைப் பார்த்து அண்ணன் என்னவென்று கேட்டார். பள்ளிக்கூடத்துக்கு என்று சொன்னேன்.

அந்த ஐப்பசியில் தனி மேஜை போட்டார்கள். பலகையில் என் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. தெரிந்தே நின்றேன், தெரிந்தே கைகூப்பினேன். கிழங்கு கேட்டவர்களுக்கு மட்டும் இல்லையென்று சொன்னேன். கருமி என்று பெயர் வாங்கினேன்.

பிராயச்சித்தமாக ஒரு காரியம் செய்தேன். கேளுங்கள், இதுதான் எல்லாவற்றையும் விடக் கொடுமை.

சொல்லாவிட்டால் என்ன, நோயைத் தீர்த்துவிடுகிறேன் என்று கச்சை கட்டிக்கொண்டு இறங்கினேன். மண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்று சொல்லி, அடுத்த வருடம் அண்ணனைச் சோளம் போட வைத்தேன். மிச்சக் கிழங்கில் ஒன்றையும் விதைக்கு வைக்காமல் அவித்து மாட்டுக்குப் போடச் சொன்னேன். சோளத்துக்கு நடுவில் தப்பி முளைத்த சேம்பையெல்லாம் என் கையாலேயே பிடுங்கினேன். வரப்போரப் புல்லுக்குப் புகையிலைத் தண்ணீர் அடிக்க வைத்தேன். வீட்டார் எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்த ஒரு பகலில், வாய்க்கால் ஓரத்துப் பீலியை வேரோடு எடுத்து அடுப்பில் வைத்தேன். அதற்கடுத்த வருடத்துக்கு நத்தத்துக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் இலையின் முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நோயில்லாத விதைக்கிழங்கு வாங்கிக் கொடுத்தேன். அண்ணன் ஏன் எதற்கு என்று கேட்டபோதெல்லாம் புத்தகத்தில் போட்டிருக்கிறது என்றேன்.

தோட்டம் பிழைத்தது! என்ன பச்சை, என்ன உயரம்! இடுப்பளவு சேம்பு, இலைமேல் ஒரு கோடு கிடையாது. ஒரு செடிக்கு ஒரு கூடைக் கிழங்கு! வரப்பில் நின்றுகொண்டு பூரித்துப் போனேன். அத்தனை பரபரப்பு! உலகத்திலேயே இந்த வியாதியைத் தொடங்கியும் முடித்தும் வைத்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்தேன்.

பின்னால் ஆத்தா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா? பேச்சி காலெடுத்து வைக்காம இருந்ததும் தோட்டம் பொழச்சுக்கிருச்சு. நான் சொன்னப்ப நம்பலையே எல்லாரும்!"

புரிகிறதா உங்களுக்கு? அதுவரை அது வெறும் பேச்சு. நான் நோயைக் குணப்படுத்தியதும் அது நிரூபணமாகிவிட்டது! அதுவரை அரைமனதாக இருந்த அண்ணனும் நம்பிவிட்டார். ஊர் நம்பிவிட்டது. மதினியே நம்பிவிட்டாள்.

இப்போது கிழங்கு நடக் கூலிப் பெண்கள் வருகிறார்கள். மதினி அவர்களுக்குக் கஞ்சி கொண்டுபோவாள். கிணற்றுக்கு இப்பாலேயே, தடத்தில், தூக்குச்சட்டியை வைத்துவிட்டு நிற்பாள். "ஏ புள்ள, ஆழமா வைக்காத, அழுகிப் போகும்" என்று அங்கிருந்தே கத்துவாள். பாத்தியில் ஒரு செடி சாய்ந்திருந்தால் அவள் கை தானாக நீளும். உடனே இழுத்துக்கொண்டு புடவைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்துக்கொள்வாள். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டுத் திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறியிருக்கிறேன்.

"உன் பீலிகூட என் ராசிக்குப் பட்டுப் போச்சுத்தா. மன்னிச்சுக்க" என்று ஒரு நாள் சொன்னாள். அடுப்பில் வைத்தவளிடமே மன்னிப்பு!

அந்தப் பீலியின் தாய்ச் செடி என்னிடம் இன்னும் இருக்கிறது. கொசுவலைக்குள். அழிக்க மனம் வரவில்லை. முதல் மழைக்கு அது இலை விரிக்கும் அன்று எனக்கு இன்னும் புல்லரிக்கிறது... இதையும் எழுதிவிட்டேன்.

கண்காட்சி நின்று போய்விட்டது. பேராசிரியரின் பட்டியல் வெளிவந்ததா என்றே தெரியவில்லை. கோப்பை கறுத்துவிட்டது. காப்பாற்ற வேண்டிய பெயர் ஒன்றும் இப்போது இல்லை. அப்படியானால் இனி ஏன் சொல்லக் கூடாது? நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், போன மாதம்வரை.

வள்ளி இப்போது என்னோடு தங்கி என் பள்ளியில்தான் படிக்கிறாள். என் வகுப்பில் கேள்வி கேட்டே என்னை உண்டு இல்லை என்று ஆக்குகிறவள். 'தாமரை இலையில் ஏன் தண்ணீர் ஒட்டவில்லை, வேர் ஏன் வெளிச்சத்துக்குத் திரும்பவில்லை'... வீட்டில் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அவள்தான். இலையின் முதுகைத் திருப்பிப் பார்க்கத் தெரிந்த ஒரே பெண்.

போன மாதம் பெரியவளானாள். ஊரில் சடங்கு. அத்தை முறைக்குச் சீர்த்தட்டோடு போனேன். எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு மதினி மகளை உட்கார வைத்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நாட்களில் எதைத் தொடக் கூடாது, எங்கே போகக் கூடாது...

"பயிருக்குள்ள மட்டும் எறங்கிடாதத்தா. செடி வாடிப் போகும்."

"அதெப்பிடிம்மா? செடிக்குக் கண்ணா இருக்கு, மூக்கா இருக்கு? அதுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள் வள்ளி.

எனக்கு உள்ளே துள்ளியது. என் கேள்வி! நான் சொல்லிக்கொடுத்த கேள்வி!

மதினி என் பக்கம் திரும்பினாள். "நீயே சொல்லு டீச்சரு. நான் சொன்னா கேக்க மாட்டா. என் காலு பட்டுத் தோட்டம் கெட்டத எங்கண்ணால பாத்தவ நான். எம்புள்ளைக்கும் அந்தப் பழி வரக் கூடாதுத்தா."

அவள் கண் நிறைந்திருந்தது. வள்ளி என்னையே பார்த்தாள். அறையில் எங்கள் மூவரைத் தவிர யாருமில்லை. இதைவிட நல்ல வேளை எனக்கு இனி எப்போது வாய்க்கும்?

சொன்னால் மதினிக்குத் தோட்டம் திரும்பக் கிடைக்கும். ஆனால் இத்தனை வருடமும் எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரிந்துவிடுமே! அந்த முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? அன்று பரிசுக்காக வாயை மூடினேன். இன்று, அன்று மூடியதற்காக மூடுகிறேன்.

"அம்மா சொல்றதக் கேளு, வள்ளி" என்றேன்.

அவள் தலையாட்டினாள்.

நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். இப்போதும் நேரம் இருக்கிறது, போய்ச் சொல் என்பீர்கள். நானும் தினம் சொல்லிக்கொள்கிறேன். நோட்டை எடுத்துப் பையில் வைக்கிறேன், பஸ் நேரம் பார்க்கிறேன், பையிலிருந்து எடுத்துவிடுகிறேன்.

நேற்றுக் காலை அடுப்படியில் இருந்தேன். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். வள்ளி தாழ்வாரத்துக்கு வராமல் நிலைப்படியிலேயே நின்றிருந்தாள். கைகள் தாவணிக்குள் இருந்தன.

"அத்தை, இன்னும் மூணு நாளைக்கு நான் தொட்டிப் பக்கம் வரல" என்றாள்.

சரி என்றேன்.